மச்சிடாவின் கராத்தே

குத்து, உதை, மல்யுத்தப் பிடி என எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. களத்தில் கராத்தே எடுபடாது என்று பலர் அடித்துச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பேச்சை மாற்றியவர் பிரேசில் வீரர் லியோட்டோ மச்சிடா. ஜப்பானிலிருந்து பிரேசிலில் குடியேறிய ஷோட்டோகான் கராத்தே ஆசான் யோஷிசோதான் அவருடைய தந்தை, குரு இரண்டுமே.

மச்சிடாவின் பலம் இடைவெளி. எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்தில் பக்கவாட்டாக நிற்பார். எதிராளி அடியெடுத்து வைக்கும் அந்த நொடியில் பாய்ந்து நேர்க்குத்து விட்டு, அடுத்த நொடி விலகிவிடுவார். இப்படித்தான் 2009 மே மாதம் ரஷாத் எவன்ஸை இரண்டாவது சுற்றிலேயே சாய்த்து யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. அமைப்பின் பட்டத்தை வென்றார். 2011இல் டொராண்டோவில் நடந்தது இன்னும் அற்புதம். ஒரு காலைத் தூக்கிப் போக்குக் காட்டி, துள்ளி எழுந்து மறுகாலால் ராண்டி கூட்டூரின் முகத்தில் உதைத்தார். ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அகலமாக நிற்கும் கராத்தே நிலையில் முன்கால் எளிதில் உதைபடும் என்பது உண்மைதான். ஆனால் மச்சிடா கராத்தேயோடு நிற்கவில்லை. சுமோ பயின்றார், ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டையும் பெற்றார்.