டோக்கனும் கைப்பேசியும்

2005 வாக்கில் வெளியூர் கிளம்பும் விற்பனை அதிகாரியின் சாவிக்கொத்தில் ஆர்எஸ்ஏ செக்யூர்ஐடி டோக்கன் ஒன்று தொங்கும். அதன் குட்டித் திரையில் ஆறு இலக்க எண் 60 விநாடிக்கு ஒருமுறை மாறும். லாட்ஜ் அறையில் அலுவலக நெட்வொர்க்குக்கு வழிவிடும் விபிஎன்னைத் திறந்து, பின் நம்பரோடு அந்த எண்ணையும் தட்டி முடிப்பதற்குள் அது மாறித் தொலைக்கும். மறுபடி முதலிலிருந்து. ஒருவழியாக உள்ளே போய்விட்டால் அப்புறம் பெரும்பாலும் கேட்பாரில்லை. தனக்கு வேண்டாத சர்வர்கள்கூட எட்டும் தூரத்தில் இருக்கும்.

ஃபயர்வாலுக்கு உள்ளே இருப்பவர் நம்மவர், வெளியே இருப்பவர் அந்நியர். அன்றைய கணக்கு அவ்வளவுதான். விபிஎன் வெளியாளை உள்ளாளாக்கியது. வைரஸ் பிடித்த லேப்டாப்பையும் அப்படியே வரவேற்றது.

இந்தக் கணக்கு கூகுளிடமே பொய்த்தது. சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் தன் அறிவுச்சொத்து திருடுபோனதாக 2010 ஜனவரியில் அந்நிறுவனமே அறிவித்தது. அதே ஆண்டு ஃபாரஸ்டர் ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் உள்ளே இருப்பவரையும் சோதிக்காமல் நம்பாதே என்னும் ‘ஜீரோ டிரஸ்ட்’ கொள்கையை முன்வைத்தார். அதே போக்கில் கூகுள் கட்டிய பியாண்ட்கார்ப் ஏற்பாடு 2014இல் கட்டுரையாக வெளிவந்தது. அதில் அலுவலக வைஃபைக்கும் காபிக்கடை வைஃபைக்கும் ஒரே மரியாதைதான்.

இன்று அதே அதிகாரி பேருந்தில் நின்றபடியே கைரேகை வைத்து விலைப்பட்டியலைப் பார்க்கிறார். ஆள் யார், போன் பதிவேட்டில் உள்ளதா, ஓஎஸ் அப்டேட் ஆகியிருக்கிறதா, ஸ்கிரீன் லாக் உண்டா என்று பின்னணியில் சோதனை நடக்கிறது. விலைப்பட்டியல் திறக்கும், சம்பளக் கணக்கு சர்வர் கண்ணிலேயே படாது. காலையில் திறந்த மெயில், ஸ்கிரீன் லாக்கை எடுத்துவிட்டால் மாலையில் திறக்காது. சொந்த போனில் கம்பெனி மூக்கை நுழைப்பதாக முணுமுணுப்பு உண்டு. நியாயமான முணுமுணுப்புதான். ஆண்ட்ராய்டில் அலுவலகத்துக்கென்று தனி புரொஃபைல் வைப்பது அதற்குப் பாதி மருந்து.

ஆனால் ‘அன்று’ இன்னும் பல அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. 2021இல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவன நெட்வொர்க்குக்குள் இணையத் திருடர்கள் நுழைந்தது யாரும் பயன்படுத்தாத பழைய விபிஎன் கணக்கு ஒன்றின் வழியாக. பாஸ்வேர்டு சிக்கலானதுதான் என்று நிறுவனத்தின் தலைமை அதிகாரி செனட் விசாரணையில் சொன்னார். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் அந்த விபிஎன் கேட்கவில்லை. எண்ணெய்க் குழாய் நிறுத்தப்பட்டு, கிழக்குப் பகுதி மாநிலங்களில் பெட்ரோல் பங்குகளில் வரிசை நீண்டது. திருடர்களுக்கு நிறுவனம் கட்டிய கப்பம் சுமார் 44 லட்சம் டாலர்.