தனிவழிச் செல்லும் மாதரும் அடைக்கல மனையும்

கடல் கடந்து செல்லும் பயணம் பெண்டிரோடு நிகழ்தல் வழக்கன்று எனத் தொல்காப்பிய அகத்திணையியல் உரைக்கின்றது. அஃது அக்காலத்து வழக்கை எடுத்துக் கூறியதேயன்றி, எக்காலத்துப் பெண்டிர்க்கும் பூட்டிய விலங்கன்று. இன்று மாதர் பலர் துணை எவருமின்றி நாடுவிட்டு நாடு செல்கின்றனர். அவருட் சிலர் விடுதிகளை நாடாது, தாம் செல்லும் ஊரிலேயே வாழும் பெண் ஒருவரின் இல்லத்தில் விருந்தினராய்த் தங்கி, அவர் உண்பதை உண்டு, அவர் வாழ்க்கையைக் கண்டு மீள்கின்றனர். இவ்வழக்கம் எங்ஙனம் நடைபெறுகின்றது என்பதையும், இதற்கு அடிநிலையாய் நிற்பது யாது என்பதையும் ஈண்டு ஒருவாறு ஆராயப் புகுகின்றோம்.

இது மேல்நாட்டார் புதிதாய்க் கண்ட வழக்கம் என்று பலர் எண்ணுவர். அங்ஙனமன்று. தமிழர்க்கு இதன் பொருளை நன்கு உணர்த்தவல்ல செய்தி சிலப்பதிகாரத்திலேயே உள்ளது. சோழநாட்டுப் புகாரிலே பிறந்து வளர்ந்த கண்ணகிக்குப் பாண்டிநாடு அயல்நாடே. அங்கு அவளுக்கு உறவினர் இலர், அறிந்தாரும் இலர். வழித்துணையாய் வந்த கவுந்தியடிகள், மதுரைப் புறஞ்சேரியில், இயக்கிக்குப் பாற்சோறு படைத்து மீண்ட மாதரி என்னும் ஆயர்குல முதுமகளைக் கண்டு, கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்புவித்தார். மாதரி தன் விருந்தினர்க்கெனத் தனிமனை ஒன்றை ஒழித்துக் கொடுத்தாள். தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாக்கினாள். வந்தோர் சமண நோன்பினர் என்பதறிந்து, அந்நெறி பிறழாது பகலிலேயே சமைத்துண்ணும் பொருட்டு, நல்ல கலங்களும் அரிசியும் காயும் கனியும் பாலும் விரைந்து கிடைக்கச் செய்தாள். மாயோனைப் போற்றும் ஆயர்சேரியிலே சமணரின் உணவு நெறி காக்கப்பட்டது. கோவலன் சிலம்பு விற்கச் சென்றபின், அப்பெருநகரில் கண்ணகிக்கு இருந்த துணை அம்மனை மகளிரே ஆவர்.

அதன்பின் நிகழ்ந்தவற்றைத் தமிழ் பயின்றோர் அறிவர். அடைக்கலமாகப் பெற்றவர்களைக் காக்கத் தவறினோமே என்று மாதரி தீயிற் புகுந்து உயிர் நீத்தாள் என்னும் செய்தியை நீர்ப்படைக் காதை கூறுகின்றது. நேர்ந்த தவறு அவளுடையதன்று. ஆயினும் பொறுப்புத் தன்னுடையது என்றே அவள் கருதினாள். அவள் முடிவை நாம் பின்பற்ற வேண்டுவதில்லை. அவள் உணர்ந்த பொறுப்பையோ மறத்தலாகாது. விருந்து வேறு, அடைக்கலம் வேறு. விருந்தினர்க்கு உணவு அளித்தால் போதும். அடைக்கலமாய் வந்தவர் மீண்டும் தம் வழி செல்லுங்காறும் அவருடைய உயிரும் மானமும் நம்முடையவை.

கணவனை இழந்த கண்ணகி மதுரையின் நீங்கி, வையைக் கரையே வழியாக மேற்றிசை நோக்கித் தனியே நடந்தாள். அவ்வழி வந்து சேர்ந்த இடம் எமது கம்பம் பள்ளத்தாக்கின் மேலுள்ள மலையே என்பது இங்குள்ளோரின் நெடுநாள் நம்பிக்கை. கூடலூருக்கு மேலே மலைமுகட்டில் நிற்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு, ஆண்டில் ஒருநாள், சித்திரை முழுநிலா நாளில், பளியன்குடியினின்று மக்கள் காட்டுவழியே ஏறிச் செல்கின்றனர். வேங்கை மரத்து நிழலில் நின்ற அவளைக் கண்ட குன்றவர் நீர் யாவிர் என வினவினர். தனியே வந்து நிற்கும் பெண்ணை நோக்கி அவ்வினாவை எழுப்புதல் எமது மலைக்குப் பழைமையானதொன்று. ஐயத்தால் வினவுகின்றோமா, அன்பால் வினவுகின்றோமா என்பதே நோக்கத்தக்கது.

நிற்க. கடல் கடந்து சென்ற இந்திய மங்கை ஒருவரின் வரலாற்றை இனிக் காண்போம். 1865ஆம் ஆண்டு பம்பாயை அடுத்த கல்யாணில் பிறந்த ஆனந்திபாய் ஜோஷி, ஒன்பதாம் வயதில் மணம் முடிக்கப் பெற்றார். பதினான்காம் வயதில் ஈன்ற மகவைப் பத்து நாளில் இழந்தார். தகுந்த மருத்துவம் கிட்டாமையே அதற்குக் காரணம் என்றுணர்ந்து, தாமே மருத்துவராதல் வேண்டும் என உறுதி பூண்டார். அவர்தம் கணவர் கோபாலராவ் 1880இல் அமெரிக்கச் சமய ஊழியர் ஒருவருக்கு உதவி வேண்டி எழுதினார். கிறிஸ்தவராவதாயின் உதவலாம் என்னும் கருத்துடன் மறுமொழி வந்தது. அவர்கள் அதற்கு இசையவில்லை. எனினும் அக்கடிதங்கள் ஓர் இதழில் அச்சேறின. நியூஜெர்சி மாநிலத்து ரோசல் என்னும் ஊரினரான தியோடீசியா கார்ப்பென்டர் அம்மையார், பல் மருத்துவரிடம் சென்று காத்திருந்தபொழுது, அவ்விதழைத் தற்செயலாகப் புரட்டினார். முன்பின் அறியாத அப்பெண்ணுக்குக் கடிதம் எழுதினார். கடிதத்தால் வளர்ந்த உறவு சிற்றன்னை மகள் உறவாயிற்று.

1883ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பதினெட்டு வயது நிரம்பிய ஆனந்திபாய், கணவர் உடன் வர இயலாமையால், அமெரிக்க மாதர் சிலரோடு கல்கத்தாவிற் கப்பலேறினார். ஜூன் திங்களில் நியூயார்க்குத் துறையில் இறங்கியபொழுது அவரை எதிர்கொண்டவர் கார்ப்பென்டர் அம்மையாரே. தம் சமயத்தையும் புடைவையையும் மரக்கறி உணவையும் விடாது அவ்வில்லத்தில் அவர் மகளாய் வாழ்ந்தார். 1886ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் பென்சில்வேனிய மாதர் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நோயுற்றுத் தாயகம் மீண்டு, 1887ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், இருபத்திரண்டு வயது நிரம்புமுன்னே, பூனாவில் உயிர் நீத்தார். அவர்தம் சாம்பல் கார்ப்பென்டர் அம்மையாருக்கு அனுப்பப்பட்டது. அம்மையார் அதனைப் பூகிப்சி என்னும் ஊரிலுள்ள தம் குடும்பக் கல்லறை நிலத்தில் அடக்கம் செய்தார். மதத்தைக் கேளாது மகளாக ஏற்ற ஒரு பெண்ணின் கதவு திறந்திராவிடின், அப்பட்டம் இல்லை. கிறிஸ்தவராகிய நாம் இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். மலைநாட்டிலிருந்த எலிசபெத்தின் வீட்டை நாடி மரியாள் சென்று, ஏறக்குறைய மூன்று திங்கள் தங்கியிருந்ததாக லூக்கா எழுதிய செய்தியை நாம் ஆண்டுதோறும் கேட்கின்றோமன்றோ?

தற்செயலாய் நிகழ்ந்த இத்தகைய உதவியை ஒழுங்குபட நடத்துதற்குச் சங்கங்கள் பின்னர்த் தோன்றின. இரண்டாம் உலகப் போரின் அழிவைக் கண்டோர் சிலர், அயலாரை அறிந்தாலன்றிப் பகைமை ஒழியாது எனக் கருதி, 1949இல் டென்மார்க்கில் தொடங்கிய இயக்கம் சர்வாஸ் என்று வழங்குகின்றது. பயணம் செல்வோரை நேரிற் கண்டு உசாவி, அறிமுகக் கடிதம் அளிப்பர். அதனைக் கொண்டு உறுப்பினர் இல்லத்தில் பொதுவாக இரண்டு இரவு தங்கலாம். பணம் பெறுதல் இல்லை. பெண்டிர்க்கென்றே ஒரு சங்கத்தை 1984இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் அலெக்சாண்டர் என்னும் அம்மையார் தொடங்கினார். பெண்களைப் பெண்கள் வரவேற்றல் என்பதே அதன் பெயர்ப்பொருள். உறுப்பினர் பட்டியலைக் கொண்டு முன்னரே எழுதிக் கேட்டல் வேண்டும். இல்லத்தார்க்கு வசதியில்லையேல் மறுக்கலாம். மறுத்தற்கு உரிமை உண்டாதலின், ஏற்பதும் மனமுவந்த ஏற்பாகின்றது.

இவ்வழக்கம் இனிது நடைபெறச் சில நெறிகள் இன்றியமையாதன. இல்லத்தில் யார் யார் உளர், உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளத் தக்க தனியறை உண்டா, கழிப்பறை எங்குள்ளது என்பவற்றை இல்லத்தார் முன்னரே ஒளியாது எழுதுதல் வேண்டும். வருபவர் தாம் தங்கும் முகவரியைத் தம் வீட்டார்க்குத் தெரிவித்தலும், குறித்த நாளில் புறப்படுதலும், அடுக்களையில் ஒருகை உதவுதலும் வேண்டும். மனம் ஒவ்வாத இடத்தினின்று உடனே நீங்குதற்கு மாற்றிடம் ஒன்றையும் அறிந்திருத்தல் நன்று. அயல்நாட்டாரைத் தங்கவைப்போர் 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்தார்க்கு அறிவித்தல் இந்நாட்டுச் சட்டம்.

சென்ற ஆண்டு, உத்தமபாளையத்தை அடுத்த எமது சிற்றூரில், எம் சிற்றன்னையாரின் கடிதத் தோழியாகிய அயல்நாட்டு ஆசிரியை ஒருவர் எம் இல்லத்தில் இரண்டு இரவு தங்கினார். 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோன மதுரை போடிநாயக்கனூர் இருப்புப்பாதை 2022இல் தேனி வரையிலும் 2023இல் போடி வரையிலும் மீண்டும் திறக்கப்பட்டமையால், அவர் தேனிக்குப் புகைவண்டியிலேயே வந்து சேர்ந்தார். பன்னீர்த் திராட்சைப் பந்தலின்கீழ் எம் பாட்டியாரோடு அமர்ந்து குலை கொய்தார். பாட்டியார் அவரை நோக்கி, “துணைக்கு யாரம்மா வந்தார்கள்?” என்றார். நாம் மொழிபெயர்த்துக் கூற, அவர் நகைத்து, ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெண் துணைக்கு நின்றாள் என்றார். ஊர்ப் பெண்டிர் பலர் வந்து அவர்தம் துணிவை வியந்து சென்றனர்.

அடுத்த திங்களே, சிலப்பதிகார ஏட்டுச்சுவடிகளைக் காணும் பொருட்டுச் சென்னையிலுள்ள உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்துக்குத் தனியே சென்றுவர நாம் எம் தந்தையாரிடம் அனுமதி வேண்டினோம். பெண்பிள்ளை தனியே செல்லலாகாது என மறுத்தார். அவர் அன்பற்றவரல்லர், அஞ்சினார். அச்சத்துக்குக் காரணமில்லை என்று சொல்லவும் எம்மால் இயலவில்லை. அப்பொழுது பாட்டியார், “கடல் தாண்டி வந்த பிள்ளைக்கு நாம் சோறு போட்டோமே, நம் பிள்ளைக்குச் சோறு போட ஒருத்தி அங்கே இருக்கமாட்டாளா? முதலில் அவளைத் தேடுங்கள்” என்றார். எழுத்தறியாத அம்முதியவர் இவ்வழக்கம் முழுவதற்கும் இலக்கணம் வகுத்துவிட்டார்.

பிறநாட்டுப் பெண்ணின் துணிவை வியந்து பேசும் ஊர், தன் மகள் அதனையே வேண்டுங்கால் கதவை அடைத்தல் முறையாகாது. அச்சத்துக்கு மருந்து அடைத்த கதவன்று. வழிநெடுகத் திறந்து நிற்கும் அறிந்த கதவுகளே. தனியே செல்லும் பெண் எவளும் உண்மையில் தனியே செல்வதில்லை; அவளுக்கு முன்னே ஒரு மாதரி விளக்கேற்றி வைத்திருக்கின்றாள். ஆதலின், எம் உடன்பயிலும் தங்கையர், செல்வோராய் ஆவதற்குமுன் ஏற்போராய் ஆகுக. விடுமுறையில் வேற்றூர்த் தோழி ஒருத்தியைத் தம் இல்லத்துக்கு அழைத்து, அவளுடைய உணவு நெறியையும் வழிபாட்டையும் மதித்து, நலமே திருப்பி அனுப்புக. அவ்வீடுகள் பெருகுமளவுக்கு வழியும் பெருகும்.

எம் சிற்றன்னையார் சென்னையிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் எழுதியுள்ளார். தந்தையாரும் அதன் அடியில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிட்டார். மறுமொழியை எதிர்நோக்கியிருக்கின்றோம்.