வீட்டுப் பள்ளியின் ஏழு நாள்கள்



பள்ளிக்கூடத்து மணியோசை எட்டாத வீட்டிலே பிள்ளைகள் ஒழுங்காகக் கல்வி கற்க முடியுமா? முடியும் என்போர் நூல்களை எடுத்துக் காட்டுவர். முடியாது என்போர் பிள்ளைகளின் குறும்பை எடுத்துக் காட்டுவர். இரு சாராரும் மறந்துவிடுவது அந்த மணியோசையைத்தான். இன்ன வேளையில் இன்னது செய்தல் என்னும் ஒழுங்கைப் பிள்ளைக்குப் பழக்குவது அதுவே. ஆகவே, வீட்டிலே கற்பிக்க முனைவோர் முதலில் தேடவேண்டியது பாடநூலை அன்று. நாளின் ஒழுங்கையும் கிழமையின் ஒழுங்கையுமே. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, வடமராட்சியில் அமைந்துள்ள தொண்டைமானாற்றை முன்வைத்து இதனை இன்று சிந்திப்போம்.

வீட்டுக் கல்வி நமக்குப் புதியதன்று. விசயதசமி நாளில் ஏடு தொடக்கி, பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியிலே முதலெழுத்தை எழுதுவிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. மணலில் எழுதியும் எண்சுவடியை உரத்துச் சொல்லியும் பயின்ற திண்ணைப் பள்ளிகள் நம் முன்னோருக்குப் பழக்கமானவை. 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப் பாடசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், படிமுறையாகப் பாலபாடங்களையும் எழுதி அச்சிட்டார். வீட்டிலுள்ள பெரியோரும் எடுத்துப் படிப்பிக்கத்தக்க தெளிந்த வசனநடையில் அவை அமைந்தன.

பின்னர் 1945இல் இலவசக் கல்வி வந்தது. 5 வயது முதல் 14 வயது வரை கல்வி கட்டாயம் என்னும் விதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. ஆதலால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது முற்றிலும் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் நம்மிடையே அரியன. ஆயின், பள்ளி இருந்தும் பிள்ளைகள் போகவியலாத காலங்களோ அரியன அல்ல. 1987இல் வடமராட்சியிலே போர் மூண்டது. 1990இற்குப் பின் பல ஆண்டுகள் குடாநாட்டிலே மின்சாரம் இருக்கவில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் பள்ளிகள் மூடப்பட்டன. அக்காலங்களில் வீடுகள் தாமாகவே பள்ளிகளாயின.

அவற்றுள் எந்த வீட்டிலே படிப்பு நிலைத்தது? உலர்ந்த நாள்களிலும் குலையாத ஒழுங்கு எங்கே இருந்ததோ, அங்கேதான். மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய அந்நாளிலே, ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டுத் திரி ஏற்றிய சிறு விளக்கொன்றைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்ந்தனர். சைக்கிள் மிதியைச் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தைக் கொண்டு வானொலி கேட்டவர்களும் நம்மிடையே உளர். எண்ணெய் சிறிதளவே ஆகையால், விளக்கு எரியும் நேரமும் எண்ணியே வைக்கப்பட்டது. எண்ணி வைத்த நேரத்தை வீணாக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

இனி, தொண்டைமானாற்றிலே ஒரு குடும்பத்தை மனக்கண்முன் நிறுத்துவோம். தாய், தந்தை, அம்மம்மா, பிள்ளைகள் இருவர். பள்ளி மூடப்பட்ட காலமாயினும், உடல்நலக் குறைவால் பிள்ளை வீட்டிலிருக்கும் காலமாயினும், அவர்களுடைய நாள் நான்கு பகுதிகளாக அமையலாம். விடியலில் மனம் தெளிவாக இருக்கும். அது கணிதத்திற்கும் மனனத்திற்கும் உரியது. முற்பகல் எழுத்து வேலைக்கு உரியது. பகலுணவின்பின் கைத்தொழிலும் வீட்டு வேலையும். மாலை விளக்கேற்றியபின், கைகால் கழுவி, திருநீறு அணிந்து, தேவாரம் பாடி, அன்று படித்ததைப் பெரியவர்களுக்கு ஒப்புவித்தல். ஒப்புவித்தலை ஒருநாளும் விடலாகாது. பிள்ளை விளங்கிக்கொண்டதும் விளங்காததும் அப்போதுதான் வெளிப்படும்.

நாளுக்கு விளக்கு எப்படியோ, கிழமைக்கு வெள்ளி அப்படி. இவ்வூரின் நடுநாயகம் செல்வச்சந்நிதி முருகன் கோயில். ஆற்றங்கரையிலே அமைந்த இக்கோயிலில் பூசகர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்வர். ஆலிலையிலே அமுது படைப்பர். சூழவுள்ள மடங்களில் அடியார்க்கு அன்னமிடுவதனால் அன்னதானக் கந்தன் என்றும் இம்முருகன் போற்றப்படுகின்றான். வெள்ளிக்கிழமை வீடு கழுவி, மரக்கறி சமைத்து, கோயிலுக்குச் செல்லும் வழக்கம் பிள்ளைக்குக் கிழமையின் முடிவை உணர்த்துகின்றது. எனவே, அக்கிழமைக்குரிய பாடங்களை வியாழன் இரவுக்குள் முடித்தல் வேண்டும் என்று குடும்பம் வகுத்துக்கொள்ளலாம். மடத்திலே இலை போடவும் தண்ணீர் வார்க்கவும் பிள்ளை பழகுவதும் கல்வியே.

சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. அது முடிந்து களைப்பாறியபின் மாலையிலே தந்தையுடன் ஆற்றங்கரைக்குச் செல்லலாம். தொண்டைமானாறு என்று பெயர் இருப்பினும், மலையிலே பிறந்து ஓடிவரும் ஆறன்று அது. கடலோடு சேரும் நீரேரியே. ஆற்றைத் தொண்டைமான் ஒருவன் வெட்டுவித்தான் என்பது மரபுக்கதை. கடல்நீர் உள்ளே ஏறிக் கிணறுகளை உவராக்காதபடி இங்கே தடுப்பணை கட்டப்பட்டுள்ளது. மாரிவெள்ளம் பெருகும்போது அதன் கதவுகள் வழியே மிகுநீர் கடலுக்கு விடப்படும். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாட்டிலே, சுண்ணக்கற் பாறைக்குள் ஊறிய மழைநீரையே கிணறுகள் தருகின்றன என்பதை இவ்விடத்திலே விளக்கினாற் பிள்ளை மறவாது.

அணைக்குக் கடற்புறத்தில் ஒரு போத்தல் நீரும் உட்புறத்தில் ஒரு போத்தல் நீரும் பெரியவர் எடுத்துக் கொடுக்கட்டும். சம அளவாக இரு தட்டுகளில் ஊற்றி வெயிலில் வைத்தால், நீர் வற்ற உப்பு எஞ்சும். பொதுவாக 1 லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. உட்புற நீரில் எவ்வளவு? கோடையில் எவ்வளவு? கார்த்திகை மழைக்குப்பின் எவ்வளவு? மாதந்தோறும் நிறுத்துக் குறித்துவந்தால், ஓராண்டின் முடிவிலே பிள்ளையின் கொப்பியில் இருப்பது எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம். அறிவியல் மாணவர்களின் வெளிக்கள ஆய்வுக்கும் மாதிரிப் பரீட்சைகளுக்கும் பெயர்பெற்ற வெளிக்கள நிலையம் இவ்வூரின் பெயரைத் தாங்கியிருப்பது பொருத்தமே.

ஞாயிற்றுக்கிழமை கிழமைக் கணக்கு. எது முடிந்தது, எது முடியவில்லை என்று பிள்ளையே எழுதட்டும். அடுத்த கிழமையை அவனோ அவளோ வகுக்கட்டும்.

கிழமை என்பது மாறாத ஒன்று என்று எண்ணிவிடவேண்டாம். 1966 முதல் 1971 வரை இலங்கையிலே ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாள்கள் விடுமுறைகளாயின. சந்திரன் ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள் ஆகுமாதலால், ஒரு விடுமுறைக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள நாள்கள் எப்போதும் ஒரே அளவாக அமையவில்லை. ஆயினும் மக்கள் அதற்கும் பழகினர். திண்ணைப் பள்ளிகளும் அமாவாசையையும் பௌர்ணமியையும் விடுமுறையாகக் கொண்டவையே. எந்த நாள் என்பதன்று முக்கியம். வகுத்ததை வழுவாமற் காப்பதே முக்கியம்.

இவ்வளவும் சொன்னபின் இரு குறைகளை மறைத்தல் தகாது. ஒன்று, தாயின் சுமை. சமையலும் துவையலும் அவளுக்கே, படிப்பித்தலும் அவளுக்கே என்றால் அவ்வொழுங்கு ஒரு மாதமும் தாங்காது. கணிதம் தந்தைக்கும், கதையும் மனனமும் அம்மம்மாவுக்கும் உரியன என்று பங்கிடல் வேண்டும். தாய்க்கும் ஒரு விடுமுறை நாள் வேண்டும். மற்றொன்று, பிள்ளையின் தனிமை. ஒத்த வயதினருடன் சண்டையிட்டுச் சமாதானமாகும் கலையைப் பெற்றோர் கற்பிக்க இயலாது. பள்ளி திறந்தவுடன் பிள்ளையை அனுப்புவது சட்டத்திற்காக மட்டுமன்று, அதன் பொருட்டுமாகும். பரீட்சைக்கு வேறு வழி உண்டு. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம். தோழமைக்கு அத்தகைய வழி இல்லை.

ஆகவே, பள்ளி திறந்திருக்கும் இக்காலத்திலும் இவ்வொழுங்கிற் சிறிதளவையேனும் நம் வீடுகளில் வைத்திருப்போம். மாலை விளக்கின்முன் ஒரு நாழிகை, வெள்ளியில் ஒரு முடிவு, ஞாயிற்றில் ஒரு கணக்கு. என்றேனும் ஒருநாள் பள்ளியின் கதவு மீண்டும் மூடப்படின், நம் பிள்ளைகளின் படிப்பு அக்கதவுக்கு வெளியே நின்றுவிடாது.