பெருமாளுக்கு 240 சக்கரங்கள்

வந்தவாசியை அடுத்த கொரக்கோட்டையிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் பொழுது சாய்வதற்குள் பெங்களூரு போய்விடலாம். அந்த ஊர்ப் பாறையில் வெட்டிய பெருமாளுக்கு அதே பயணம் அரையாண்டுக்கு மேல் பிடித்தது. 2018-ன் கடைசியில் கிளம்பியவர் 2019 ஜூன் மாதம்தான் பெங்களூரு ஈஜிபுரா கோதண்டராமசுவாமி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

64 அடி நீளத்தில் ஒரே கல். எடை 300 டன்னுக்கு மேல். முதலில் கொண்டுவந்த வண்டிக்குச் சக்கரங்கள் குறைவு. கல்லை ஏற்றியதும் நகர மறுத்தது. கடைசியில் 240 டயர்கள் கொண்ட டிரெய்லர் வந்தது. செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஊர் ஊராக அது ஊர்ந்து போனதைப் பார்க்கச் சாலையோரம் கூட்டம் திரண்டது. தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள். குறுகலான தெருக்களில் வீட்டு முகப்பும் கடை முகப்பும் இடிபட்டவர்கள் இழப்பீடு கேட்டு மறியலும் செய்தார்கள்.

இத்தனை கல்லை இழுக்க எவ்வளவு பெரிய எஞ்சின் வேண்டியிருக்கும் என்பதுதான் வேடிக்கை பார்த்தவர்கள் வாயில் முதலில் வந்த கேள்வி. லாரிக்காரர்களைக் கேட்டால் எஞ்சினைக் கடைசியில்தான் சொல்வார்கள். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு கதை உதவும்.

2012 அக்டோபரில் ஓய்வுபெற்ற எண்டவர் விண்வெளி ஓடத்தை லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்திலிருந்து கலிபோர்னியா அறிவியல் மையத்துக்குத் தெரு வழியாகக் கொண்டுபோனார்கள். தூரம் 12 மைல். வழிவிடுவதற்காக 400 மரங்கள் வரை வெட்டினார்கள். தானே நகரும் ராட்சத மேடைகள்தான் பெரும்பகுதி வழியும் ஓடத்தைச் சுமந்தன. நெடுஞ்சாலைக்கு மேலே போகும் ஒரு பாலம் வந்ததும் சிக்கல். ஓடத்தோடு அந்த மேடைகளின் எடையும் சேர்ந்தால் பாலம் தாங்காது. ஆகவே எடை குறைந்த வேறொரு சட்டத்துக்கு ஓடத்தை மாற்றி, பாலத்தின் மேல் இழுக்க ஒரு டொயோட்டா டன்ட்ரா பிக்அப்பைப் பூட்டினார்கள். மொத்தச் சுமை சுமார் 130 டன். அந்த வண்டி இழுக்கலாம் என்று நிறுவனமே எழுதிக் கொடுக்கும் அளவோ ஏறக்குறைய நாலரை டன்தான். எஞ்சினில் கைவைக்காமலே அது இழுத்துவிட்டது. விளம்பரத்துக்காகச் செய்ததுதான், ஆனால் அதில் பொய் இல்லை.

கணக்கு எளிது. நல்ல தார்ச்சாலையில், சமதளத்தில், சக்கரத்தின் மேல் இருக்கும் சுமையை உருட்ட அதன் எடையில் நூற்றில் ஒரு பங்கு இழுவிசை இருந்தால் போதும். 130 டன்னுக்கு 1.3 டன் விசை. பிக்அப்பின் முதல் கியர் அதைக் கொடுத்துவிடும். அதே சாலை இருபது அடிக்கு ஓரடி ஏறினால் கூடுதலாக ஆறரை டன் விசை வேண்டும். வண்டியின் சொந்த எடையே இரண்டரை டன்னுக்குப் பக்கம்தான். தரையை அழுத்தும் எடைக்கு மேல் அதனால் பிடித்து இழுக்க முடியாது. எஞ்சினில் ஆயிரம் குதிரைகளைக் கட்டினாலும் டயர் நின்ற இடத்திலேயே சுழன்று புகைவிடும். கனரகச் சுமையை இழுக்கும் லாரிகளின் முதுகில் வேண்டுமென்றே கான்கிரீட் கட்டைகளையும் இரும்பு எடைகளையும் ஏற்றி வைப்பது இந்தப் பிடிமானத்துக்காகத்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏற்றம். பெருமாள் அங்கே திணறியதில் வியப்பில்லை.

240 டயர்கள் வந்ததும் இழுப்பதற்காக அல்ல, எடையைப் பரப்புவதற்காக. கல்லின் எடையோடு டிரெய்லரின் சொந்த எடையையும் சேர்த்துப் பங்கிட்டால் ஒரு டயருக்குச் சுமார் இரண்டு டன் வரும். சாதாரண லாரி டயர் தாங்குகிற அளவு அது. இவ்வகை டிரெய்லரில் ஒவ்வொரு அச்சுக்கும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் தாங்கி உண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் அந்தத் தாங்கி நீளும், மேட்டில் ஏறினால் சுருங்கும். சுமை எல்லா டயருக்கும் ஒரே சீராகப் போகும். அச்சுகள் தனித்தனியே திரும்புவதால் வளைவிலும் ஓரளவு வளைந்து கொடுக்கும். இத்தனை இருந்தும் வழியில் டயர்கள் வெடித்தன. பாறையின் ஓரங்களைச் செதுக்கி எடையைக் குறைக்க வேண்டியும் வந்தது. ஓசூருக்கு முன்னால் பேரண்டப்பள்ளியில் தென்பெண்ணை ஆற்றுப் பாலத்தை நம்ப முடியாமல், ஆற்றுக்குள் மண்சாலை போட்டார்கள். அது மழைவெள்ளத்தில் கரைய, பெருமாள் கரையிலேயே காத்திருந்தார்.

இந்தக் கணக்கு 300 டன்னுக்கு மட்டும் உரியதல்ல. பிக்அப் வைத்திருப்பவருக்கும் இதேதான்.

அமெரிக்காவில் பிக்அப்பின் பின்னால் வீடு போன்ற டிராவல் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றுவது பெரிய பழக்கம். இங்கே அது வேர்விடவில்லை. நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான். அங்கே பிள்ளைகள் வளர வளர இன்னும் பெரிய டிரெய்லர் வாங்க ஆசை வரும். 'என் வண்டி ஐந்து டன் இழுக்கும் என்று போட்டிருக்கிறதே, நாலு டன் டிரெய்லர் வாங்கினால் என்ன?' என்று தோன்றும். சிக்கல் கொக்கியில் இருக்கிறது. டிரெய்லர் ஆடாமல் வர, அதன் எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் அமர வேண்டும். நாலு டன்னுக்கு 400 முதல் 600 கிலோ. அது இழுக்கும் சுமை அல்ல, பிக்அப் தன் முதுகில் சுமக்கும் சுமை. பிறகு கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பெட்டிகள், தண்ணீர். வண்டி சுமக்கலாம் என்று குறித்த எடை, இழுக்கும் எடையை எட்டுவதற்கு வெகுமுன்பே தீர்ந்துவிடும். பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. கொக்கி மேல் எடை குறைந்தாலோ வேறு ஆபத்து: டிரெய்லர் வாலாட்டத் தொடங்கி, வேகம் கூடக்கூட வண்டியையே புரட்டிவிடும்.

முன்சக்கரம் லேசாவது என்ன என்று அறிய அமெரிக்கா போக வேண்டாம். கரும்பு வெட்டும் பருவத்தில் திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை, காஞ்சி சாலைப் பக்கம் சிறிது நேரம் நின்றால் போதும். அளவுக்கு மீறி ஏற்றிய டிரெய்லரை இழுக்கும் டிராக்டர், மேட்டில் முன்காலைத் தூக்கும். கொக்கியைப் பின் அச்சுக்கு மேலே உயர்த்தி மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். டிராக்டர் பின்பக்கமாகவே கவிழும். டிராக்டரில் கொக்கி அச்சுக்குக் கீழே இருப்பது அதனால்தான். உயரம் சரியில்லை என்று வெல்டிங் பட்டறையில் அதை இடம் மாற்றுகிறவர்கள் தங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

அடுத்தது பிரேக். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். நம்மூர் டிராக்டர் டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. பத்து டன் கரும்பையும் டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்கள்தான் நிறுத்தியாக வேண்டும்.

இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கடினம் என்பது தேர் இழுத்துப் பழகிய ஊருக்குப் புதிதல்ல. கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் பெரிய தேரின் வடம் பிடிக்க ஆயிரக்கணக்கானவர்கள் வருவார்கள். நிறுத்தும் வேலை சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் சில பேருடையது. தேரோட்டத்தில் கை தேர்ந்தவர்கள் என்று பெயர் வாங்குவதும் அவர்கள்தான். 96 அடி உயரமும் ஏறக்குறைய 300 டன் எடையும் கொண்ட திருவாரூர் ஆழித்தேரை மறுபடி ஓடவைக்க முனைந்தபோது, திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களோடு ஹைட்ராலிக் பிரேக்கையும் செய்து கொடுத்தது. பின்னாலிருந்து உந்த புல்டோசர் கிடைக்கும். நிறுத்த அப்படி எதையும் வெளியிலிருந்து கொண்டுவர முடியாது.

ஆக, பெரிய சுமைக்கு வண்டியைத் தயார்செய்ய நினைப்பவர் பார்க்க வேண்டிய வரிசை வேறு. முதலில் டிரெய்லருக்குச் சொந்த பிரேக். பிறகு டயரின் தாங்குதிறன், கொக்கியும் அது பொருந்தியிருக்கும் சட்டமும், நீண்ட ஏற்றத்தில் கியர் எண்ணெய் கொதிக்காமல் காக்கும் குளிரூட்டி. இவை எல்லாம் சரியான பிறகுதான் எஞ்சின். பட்டறைகளில் முதலில் சொல்லும் யோசனை பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதலாக இரண்டு கமான் பட்டை போடுவது. அதனால் பின்பக்கம் தாழாது, பார்வைக்கு வண்டி நிமிர்ந்து நிற்கும். அச்சும் பேரிங்கும் பிரேக்கும் பழையவையே. நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து இன்னும் ஏற்றத் துணிவு வருவதுதான் மிச்சம்.

சட்டமும் இதைத் தடுக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. லாரிகளுக்கான அச்சு எடை வரம்பை மத்திய அரசு 2018 ஜூலையில் உயர்த்தியது உண்மைதான். இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆனது. அது வீட்டுப் பட்டறையில் பட்டை சேர்ப்பதற்குக் கிடைத்த அனுமதி அல்ல.

சொந்த வண்டியில் டிரெய்லர் இழுப்பவர்கள் ஒரு காரியம் செய்யலாம். ஆர்.சி. புத்தகத்தில் வண்டியின் வெறும் எடையும் ஏற்றிய பிறகு இருக்கலாம் என்ற மொத்த எடையும் எழுதியிருக்கும். சுமையோடு பக்கத்து எடைமேடைக்குப் போய், முதலில் முன்சக்கரங்களை மட்டும், பிறகு பின்சக்கரங்களை மட்டும், கடைசியில் டிரெய்லரைத் தனியாக ஏற்றி நிறுத்துப் பாருங்கள். டிரெய்லரைக் கழற்றிவிட்டு முன்சக்கரங்களை இன்னொரு முறை நிறுங்கள். டிரெய்லர் மாட்டியிருந்தபோது அந்த எடை வெகுவாகக் குறைந்திருந்தால், பெரிய வண்டி தேடுவதற்கு முன் சுமையைக் குறையுங்கள்.