முறுக்கு டின்னும் முன்பணமும்

சங்கத்தின் பொங்கல் விழாவாயினும், அன்பர் இல்லத்துத் திருமணமாயினும் பந்தியில் முறுக்கு இல்லாமற் போவதில்லை. ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து குடியேறிய நமக்கு அதன் மணமே பாதி ஊர். ஆனால் அம்முறுக்கைப் பிழிந்த கை யாருடையது என்று நாம் வினவுவதில்லை. வினவ வேண்டும் என்று எடுத்துரைக்கவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

அடிமை என்றதும் கால்விலங்கும் கசையடியும் நினைவுக்கு வரும். இன்றைய அடிமைத்தனம் அத்துணை ஆரவாரத்துடன் வருவதில்லை. முன்பணம் என்னும் பெயர் தாங்கி அடக்கமாகவே வருகிறது. மதுரை, தேனி மாவட்டங்களின் வானம் பார்த்த ஊர்களில், சிறப்பாக உசிலம்பட்டி வட்டாரத்தில், தரகர் ஒருவர் ஏழைக் குடும்பத்தை அணுகுகிறார். மருத்துவச் செலவோ, மகளின் சடங்கோ, பழைய கடனோ, ஏதோ ஒரு நெருக்கடி. சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. அதற்கு ஈடாக வீட்டுச் சிறுவன் ஆந்திரத்துக்கோ மராட்டியத்துக்கோ குஜராத்துக்கோ, ‘முறுக்குக் கம்பெனி’க்கு அனுப்பப்படுகிறான். கம்பெனி என்பது பேருக்குத்தான். பெரும்பாலும் ஒரு வாடகை வீடு, சில அடுப்புகள், கொதிக்கும் எண்ணெய். விடியுமுன் எழுந்து மாவு பிசைய வேண்டும். இரவு வரை அடுப்படி. கூலி கணக்கில் ஏறும், கைக்கு வராது. சாப்பாடு என்றும் பயணச் செலவு என்றும் பிடித்தம் போக, முன்பணம் குறைவதே இல்லை. மொழி தெரியாத ஊரில் அப்பிள்ளை யாரிடம் முறையிடுவான்? இங்ஙனம் மீட்கப்பட்ட சிறுவர்களைப் பற்றிய செய்தி நாளேடுகளில் பன்முறை வந்துள்ளது. அவர்கள் அயலார் அல்லர். நம் ஊர்ப் பிள்ளைகள்.

சட்டம் இல்லாமல் இல்லை. பெற்றோர் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1933ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணக் கடன் அறவே ஒழிந்துபோகும். குற்றவாளிக்கு 3 ஆண்டு வரை சிறை. கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனைச் சார்ந்தது, வாங்கியவனை அன்று. இதைப் பலர் அறியார்.

ஆயினும் நம் சமையல் காண்டிராக்டரைக் கேட்டால், “நான் டின்னாக வாங்குகிறேன், செய்தவன் யாரோ!” என்பார். இவ்வாதம் புதியதன்று. 1982ஆம் ஆண்டு தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டட வேலையில் இதையொத்த பேச்சே எழுந்தது. தொழிலாளர் காண்டிராக்டர்களின் ஆட்கள் என்பதால் வேலையை ஒப்படைத்தவர் தம் கடமையினின்று தப்ப இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கும் வேலை, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றும் அத்தீர்ப்பு உரைத்தது. பிரிட்டனில் 2015ஆம் ஆண்டுச் சட்டம், பெரும் நிறுவனங்கள் தமக்குச் சரக்கு வரும் வழியில் அடிமைத்தனம் நுழையாதிருக்க என்ன செய்தன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடக் கட்டளையிடுகிறது. நம் காண்டிராக்டர் அத்துணைப் பெரியவர் அல்லர். எனினும் கேள்வி ஒன்றுதான்.

நாம் ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிறோம். ஒரு டின் சரக்கு புக் செய்ய வந்தாலும் அனுப்புவோர் யார், பெறுவோர் யார், எடை எவ்வளவு என்று எழுதாமல் விடுவதில்லை. வாயில் இடும் பண்டத்துக்கு அந்த அளவு விசாரணையேனும் வேண்டாமா? ஆகவே சங்கம் செய்யும் சமையல் ஒப்பந்தத்தில் இரண்டு விதிகளைச் சேர்க்கலாம். காண்டிராக்டர் பலகாரம் வாங்கும் இடத்தைப் பெயருடன் தெரிவிக்க வேண்டும். அங்கே வேலை செய்வோரின் வயது, கூலி, முன்பணக் கணக்கு ஆகியவற்றை நம் உறுப்பினர் நேரில் சென்று பார்க்க இடந்தர வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் கூடும் என்று பொருளாளர் முகஞ்சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஒன்றை மட்டும் கருத்தில் இருத்த வேண்டும். ஐயம் தோன்றியவுடன் கூச்சலிட்டு ஆர்டரை நிறுத்தினால், இரவோடிரவாகச் சிறுவர்கள் வேறு ஊருக்கு மாற்றப்படுவார்கள். முதலில் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் செய்தி சொல்ல வேண்டும். விடுதலைச் சான்றிதழ் பெறுவது இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டு மைய அரசு திருத்திய திட்டத்தில் மீட்கப்பட்ட சிறுவருக்கு 2 லட்ச ரூபாய் மறுவாழ்வு உதவி குறிக்கப்பட்டது. ஆனால் முழுத்தொகை வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டதால், கிடைக்க நெடுநாள் ஆகும். அந்த இடைவெளியில் தரகர் மறுபடியும் வாசலில் நிற்பார். அப்போது அக்குடும்பத்துக்குக் கைகொடுக்கச் சங்க உதவி நிதியில் ஒரு பகுதியை ஒதுக்குவது தகும் என்பது நம் கருத்து.

ஊருக்குச் சென்று திரும்பும் அன்பர்கள் ரயிலிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்கலாம். உறவில்லாத ஓர் ஆள், நான்கைந்து சிறுவர்கள், அனைவர் டிக்கெட்டும் அவர் பையில். கேட்டால் பிள்ளைகள் பேசுமுன் அவரே விடையிறுப்பார். இப்படிக் கண்டால் தாமே சண்டைக்குப் போகாமல் ரயில்வே பாதுகாப்புப் படையினரிடமோ 139 எண்ணிலோ தெரிவித்தாற் போதும். ஆள்கடத்தலைத் தடுக்க அப்படை 2022ஆம் ஆண்டு முதல் தனி முயற்சி மேற்கொண்டுள்ளது.

பொங்கல் சமையல் ஒப்பந்தம் மார்கழியில் கையெழுத்தாவது வழக்கம். அதற்கு முன் கூடும் செயற்குழுவில் இவ்விரு விதிகளையும் முன்வைக்க எண்ணியுள்ளோம். மாற்றுக் கருத்துடைய அன்பர்களும் அன்று தவறாது வந்து பேசக் கோருகிறோம்.