பழைய தட்டும் புதிய தட்டும்



டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிட்டார். அதற்கு முன் அவர் பல இடங்களிலிருந்து ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தார். ஓர் ஏட்டில் ஒரு சொல் இருக்கும்; மற்றோர் ஏட்டில் அதே இடத்தில் வேறு சொல் இருக்கும். இவ்வேறுபாட்டைப் பாடபேதம் என்பர். பாடபேதம் நூல்களுக்கு மட்டும் உரியதன்று, ஒலிப்பதிவுகளுக்கும் உண்டு. ஒருவரே ஒரே நாளில் பாடிப் பதிவான ஒரே பாட்டு, இரண்டு தட்டுகளில் இரு விதமாக ஒலிக்கக் கூடும். அஃது எவ்வாறு நேர்கிறது? அவற்றுள் எதனை நல்ல பாடம் என்று கொள்வது? இதுவே இன்றைய பேச்சின் பொருள்.

புதுவையில் பிரான்சு நாட்டோடு உறவுடைய குடும்பங்கள் பல உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். கோரிமேட்டில் உள்ள என் வீட்டிலும் அவ்வுறவின் அடையாளமாகச் சில பொருள்கள் இருக்கின்றன. 1980களின் நடுவில், பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சிற்றப்பா சில குறுந்தட்டுகளைக் கொண்டுவந்தார். சிடி என்று நாம் வழங்குவது அதனையே. அவை மேனாட்டு ராக் இசைத் தட்டுகள். பல ஆண்டுகளுக்குப் பின் என் அண்ணன் மகன் அதே இசைத்தொகுப்புகளின் புதிய பதிப்புகளை வாங்கி வந்தான். அவற்றின் உறையில் ‘ரீமாஸ்டர்’ என்னும் சொல் காணப்பட்டது. இவ்வாறு ஒரே இசைக்கு இரண்டு ஏடுகள் எங்கள் வீட்டில் சேர்ந்தன. ஒப்பிட்டுப் பார்க்கும் ஆவல் எழுந்தது இயல்பே அன்றோ?

முதலில் குறுந்தட்டு என்பது யாது என்று காண்போம். பிலிப்ஸ், சோனி என்னும் இரு நிறுவனங்கள் கூடி இதனை உருவாக்கின. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இதன் குறுக்களவு 12 சென்டிமீட்டர். இதில் ஒலி அலை எண்களாகப் பதிந்திருக்கிறது. ஒரு நொடி நேரத்து ஒலியை 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கின்றனர். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடைவெளியை இது தாங்கும். கீறலும் இரைச்சலும் நிறைந்த பழைய இசைத்தட்டுகளோடு ஒப்பிட்டால் இஃது ஒரு பெரும் பேறு.

ஆனால் பாத்திரம் பெரிதாக இருந்தால் மட்டும் போதுமா? அதில் எதனை ஊற்றுகிறோம் என்பதும் முக்கியம். 1973இல் வெளியான ஓர் இசைத்தொகுப்பு 1980களில் குறுந்தட்டாக வேண்டுமானால், அதன் மூல நாடாவைத் தேடி எடுத்து எண்களாக மாற்றுதல் வேண்டும். அந்நாளில் குறுந்தட்டுக்கு இருந்த தேவையோ பெரிது, அவகாசமோ சிறிது. ஆதலால் சில நிறுவனங்கள் மூல நாடாவைத் தேடாமல், எல்.பி. இசைத்தட்டு வெட்டுவதற்கென எடுத்திருந்த படியையே பயன்படுத்தின. எல்.பி. தட்டில் தாழ்ந்த சுரங்கள் மிகுந்தால் முள் தடம் விட்டுத் தாவும். ஆகவே அந்தப் படியில் அவற்றைக் குறைத்தே வைத்திருப்பர். அதிலிருந்து பிறந்த குறுந்தட்டு மெலிந்தும் கூர்மையாகவும் ஒலித்ததில் வியப்பில்லை. வேறு சில தட்டுகளோ மூல நாடாவிலிருந்து நேரே, எதனையும் கூட்டாமலும் குறைக்காமலும் எடுக்கப்பட்டவை. பிங்க் ஃபிளாய்ட் குழுவினரின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ என்னும் தொகுப்பின் முதல் ஜப்பானியக் குறுந்தட்டை, அதன் முகத்தில் உள்ள கருப்பு முக்கோணத்தைக் கண்டு அடையாளம் கூறி, இன்றும் ஆர்வலர் தேடி வாங்குகின்றனர்.

முதல் தட்டே மூலத்திற்கு மிக நெருங்கியது என்றும் கண்ணை மூடிக்கொண்டு கூறிவிட முடியாது. பீட்டில்ஸ் குழுவினரின் தொகுப்புகள் 1987இல் குறுந்தட்டாக வந்தன. அவற்றுள் ‘ஹெல்ப்’, ‘ரப்பர் சோல்’ ஆகிய இரண்டையும், அவர்களுடைய இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1986இல் புதிதாகக் கலந்து அமைத்திருந்தார். எனவே 1965 ஆம் ஆண்டின் ஸ்டீரியோ எல்.பி. தட்டும் 1987 ஆம் ஆண்டின் குறுந்தட்டும் ஒன்றல்ல. குறுந்தட்டுகளுள் மூத்தது என்பதனால் மட்டும் ஓர் ஏடு மூல ஏடு ஆகிவிடாது.

இனி, ரீமாஸ்டர் என்பதைப் பார்ப்போம். மூல நாடாவை மீண்டும் எடுத்து, மேம்பட்ட கருவிகளால் எண்களாக மாற்றி, தாழ்ந்த சுரத்தையும் உயர்ந்த சுரத்தையும் புதிதாகச் சமன்செய்து வெளியிடுவதே அது. இப்பணியைச் செய்யும் ஒலிப்பொறியாளர் ஒரு பதிப்பாசிரியருக்கு ஒப்பாவார். பதிப்பாசிரியர் பொறுமையும் புலமையும் உடையவராயின் நூல் விளங்கும். தம் விருப்பத்திற்குச் சொல்லைத் திருத்துபவராயின் நூல் கெடும். பீட்டில்ஸ் தொகுப்புகளை லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவு நிலையத்தார் நான்கு ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்டு 2009இல் வெளியிட்டனர். நிதானமான பதிப்புக்கு அதனைச் சான்றாகக் காட்டலாம்.

ஆனால் 1990களில் வேறொரு போக்கும் வளர்ந்தது. உரத்துக் கேட்கும் பாட்டே மக்களைக் கவரும் என்று எண்ணி, ஒவ்வொரு நிறுவனமும் தன் தட்டு மற்றவற்றினும் உரக்க ஒலிக்க வேண்டும் என்று போட்டியிட்டது. குறுந்தட்டில் ஒலிக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் ஓர் எண்ணும் இல்லை. கூரையை உயர்த்த முடியாத வீட்டில், குள்ளர்களை மேடைமேல் ஏற்றிவிட்டு, நெட்டையரைக் குனிந்து நிற்கச் சொன்னால் எப்படியோ அப்படித்தான் இதுவும். மெல்லிய ஒலிகளை உயர்த்தினர். உரத்த ஒலிகளின் உச்சியை நெரித்தனர். எல்லாரும் ஒரே உயரம் ஆயினர். தவிலின் ஓங்கிய அடியும் அதற்கு முன்னுள்ள அமைதியும் ஒரே அளவாகிவிட்டால், அந்த அடிக்கு என்ன பொருள் இருக்கும்? 2008இல் மெட்டாலிகா குழுவினரின் ‘டெத் மாக்னெட்டிக்’ வெளியானபோது, அதே பாட்டுகள் ஒரு கணினி விளையாட்டில் தெளிவாக ஒலிப்பதையும், குறுந்தட்டில் நெரிந்து ஒலிப்பதையும் கேட்ட இரசிகர்களே எதிர்ப்புக் குரல் எழுப்பினர்.

நெரித்த ஒலிக்கும் ஒரு பயன் உண்டு என்பதை மறைக்கலாகாது. திண்டிவனம் சாலையில் விரையும் பேருந்தில் அமர்ந்து பாட்டுக் கேட்பவருக்கு, மெல்லிய பகுதிகள் எஞ்சின் இரைச்சலில் மறைந்துபோகும். அவருக்கு மேடு பள்ளம் குறைந்த ஒலியே வசதி. ஆனால் பேருந்துக்கு ஏற்ற பதிப்பு ஒன்றே உலகில் எஞ்சுமானால், அமைதியான அறையில் அமர்ந்து கேட்பவர் எங்கே போவார்?

இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் முறையை இப்போது கூறுகிறேன். இதில் ஒரு பொறி உண்டு. நம் செவி, சிறிது உரத்து ஒலிப்பதையே நன்றாக ஒலிப்பதாகக் கருதும். ஒலியளவு கூடும்போது தாழ்ந்த சுரங்கள் நமக்கு மேலும் நிறைவாகக் கேட்கின்றன என்பதை ஃபிளெட்சர், மன்சன் என்னும் இரு அறிஞர்கள் 1933இலேயே அளந்து காட்டினர். ஆகவே முதல் விதி, இரண்டு தட்டுகளின் ஒலியளவையும் சமமாக்குதல். கைப்பேசியில் உள்ள ஒலி அளவுமானியே இதற்குப் போதும். இரண்டாம் விதி, எந்தத் தட்டு ஒலிக்கிறது என்பதைக் கேட்பவர் அறியாதிருத்தல். மூன்றாம் விதி, பன்முறை செய்தல். பத்து முறையில் ஐந்து முறை சரியாகக் கூறுவது வெறும் குருட்டாம்போக்கிலும் கைகூடும். ஒன்பது முறையேனும் சரியாகக் கூறுவது அவ்வாறு கைகூட, 1024இல் 11 பங்கு வாய்ப்பே உண்டு. கணக்குப் பயிலும் மாணவர்கள் இதனைத் தாமே சரிபார்க்கலாம்.

டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவினரின் ‘பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்’ 1985இல் வந்தது; அதன் ரீமாஸ்டர் 1996இல் வந்தது. சாலை ஓய்ந்த இரவில் அவ்விரண்டையும் இம்முறையில் கேட்டோம். குமிழை ஒரே நிலையில் வைத்தபோது வீட்டிலுள்ள அனைவரும் புதியதையே புகழ்ந்தனர். ஒலியளவைச் சமமாக்கியதும் தீர்ப்பு மாறியது. மெல்லத் தொடங்கும் பாட்டில் முரசொலி படிப்படியாக எழுவது பழைய தட்டில் விரிவாகப் புலப்பட்டது. புதிய தட்டில் தாழ்ந்த சுரங்கள் திரண்டிருந்தன. என் அண்ணன் மகன் இன்றும் புதியதையே விரும்புகிறான். அதில் தவறில்லை, இப்போது அவன் காரணம் அறிந்து விரும்புகிறான்.

இது மேனாட்டு இசைக்கு மட்டும் உரிய செய்தியா? அன்று. இந்தியாவில் 1902 முதல் இசைத்தட்டுக்காக ஒலிப்பதிவு நடந்துவருகிறது. நம் பழைய கர்நாடக இசைத்தட்டுகளைப் புதுப்பிக்கும்போது, இரைச்சலை நீக்குவதற்கு ஒலிவடிகட்டிகளைப் பயன்படுத்துகின்றனர். இடையறாது ஒலிக்கும் தம்புராவின் மெல்லிய மேல்நாதமும் அக்கருவிக்கு இரைச்சலைப் போலவே தோன்றும். அளவுமீறி வடிகட்டினால் குப்பையோடு நாதமும் போய்விடும். 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ போன்ற தொகுப்பில் வயலின் தாழ்ந்து ஒலிக்கும் இடங்களும் அத்தகையவையே. அவற்றை உயர்த்தி நெரித்தால், தாழ்வும் உயர்வும் மாறி வரும் அழகு குன்றிவிடும்.

ஏடு கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒலிப்பதிவின் பாடம் மாறினால் தெரிவதில்லை. இணையத்தில் பாட்டுக் கேட்கும் இக்காலத்தில், அட்டையும் பெயரும் மாறாதிருக்க, உள்ளே பழைய பதிப்பு நீங்கிப் புதிய பதிப்பு அமர்ந்துவிடுவதுண்டு. மூல நாடாவும் அழிந்துபோயிருக்குமானால், ஒரு வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய தட்டே அப்பாட்டுக்கு எஞ்சிய ஏடாகும்.

ஆகவே மாணவ நேயர்களே, உங்கள் வீட்டில் பழைய தட்டோ ஒலிநாடாவோ இருந்தால், புதியது வந்துவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். அதன் உறையில் உள்ள ஆண்டையும் வெளியிட்டோர் பெயரையும் குறித்து வையுங்கள். ஒலியளவைச் சமமாக்கி இரண்டையும் கேளுங்கள். எது சிறந்தது என்பதை உறையில் உள்ள விளம்பரம் முடிவு செய்ய வேண்டா. உங்கள் செவி முடிவு செய்யட்டும்.