ஜூன் 24-ம் தேதிக்காரர்கள்

சீசன் கூட்டம் மலையிறங்கிப் போய், சாரல் மலையேறி வருகிற ஆனி மாதத்துக் காலை ஒன்றில், கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலையோரமாக ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றேன். கடைக்காரர் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னாலிருந்த வானொலியில் கோடைப் பண்பலை பாடிக்கொண்டிருந்தது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும் சுபாவம் உடையவை. ஆதலால், ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்துக் கொடைக்கானலிலிருந்து பேசுகிற இந்த நிலையத்தின் குரல், கீழே மதுரை, திண்டுக்கல் சமவெளிகளில் டீக்கடைதோறும் கேட்கிறது.

"என்னங்கய்யா, காலையிலேருந்து கண்ணதாசன் பாட்டாவே போடுறாங்க?" என்றார் கடைக்காரர்.

"இன்றைக்கு ஜூன் 24 அல்லவா?" என்றேன்.

"அதுக்கென்னங்கய்யா?"

நியாயமான கேள்விதான். பத்திரிகைகளில் 'இதே நாளில்' என்று வெளிவரும் பத்திகளில் எனக்கு அதிக சிரத்தை கிடையாது. கிடார் மேதை ஜெஃப் பெக் 1944-லும், ஃப்ளீட்வுட் மாக் குழுவுக்குத் தம் பெயரில் பாதியை ஈந்த மத்தளக்காரர் மிக் ஃப்ளீட்வுட் 1947-லும் இதே ஜூன் 24-ல்தான் இங்கிலாந்தில் பிறந்தார்கள். 1966-ல் இதே தேதியில்தான் பீட்டில்ஸ் குழுவினர் ஜெர்மனியின் மியூனிக் நகரத்து சர்க்கஸ் அரங்கு ஒன்றில் பாடினார்கள். தேதி ஒன்றே தவிர இவற்றுக்குள் யாதொரு பந்தமும் இல்லை. ஆனால் அதே தேதியில், 1927-ல் காரைக்குடியை அடுத்த சிறுகூடல்பட்டியில் முத்தையா என்றொரு குழந்தையும், சரியாக ஓராண்டு கழித்து 1928-ல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் விஸ்வநாதன் என்றொரு குழந்தையும் பிறந்து, முன்னவர் கண்ணதாசன் என்றும் பின்னவர் எம்.எஸ்.வி. என்றும் தமிழ்நாட்டின் காதில் நிலைத்துவிட்டதை மட்டும் அப்படித் தள்ளிவிட மனம் வரவில்லை.

ஒருவர் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மற்றவர் சிறு பிராயத்திலேயே தந்தையை இழந்து, கண்ணனூரில் பாட்டனார் ஆதரவில் வளர்ந்து, சினிமாக் கொட்டகையில் தின்பண்டம் விற்றவர். இவர்கள் சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்த விதத்தைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் மெட்டை வாசித்துத் தத்தகாரமாகப் பாடிக் காட்டுவார். கவிஞர் வாயால் சொல்லிக்கொண்டே போக, உதவியாளராக இருந்த பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். தத்தகாரம் என்பது வேறொன்றுமில்லை, சொல் குடியேறுவதற்கு முன் மெட்டு கட்டிவைக்கிற வெறும் வீடு. 'தன்னன தான' என்று மெட்டு வந்தால், 'கம்பளி மூடி' என்ற சொற்கள் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் அதில் உட்காரும்; 'குளிரில் நடந்தேன்' என்றால், குறில் வரவேண்டிய இடத்தில் நெடில் முட்டிப் பாடுகிறவர் நாக்கு இடறும். இந்தக் குறில் நெடில் கணக்கைப் பிசகாமல் காத்துக்கொண்டே, கதையின் சந்தர்ப்பத்தையும் சொல்லி, கதையை அறியாதவனும் தன் துக்கத்தைத்தான் பாடுகிறார்கள் என்று நினைக்கும்படியாகவும் எழுதுவதென்றால், அது பழக்கத்தால் மட்டும் வருவதன்று. சில வேளைகளில் முறை மாறும். பாட்டு முந்திக்கொள்ள, மெட்டு பின்னால் வரும். எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்பவனுக்குத் தெரியாமற் போனதே இவர்களுடைய தொழில் நேர்த்தி என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் தேதியைக் கொண்டாடும்போது ஒருவருக்கு அநீதி இழைத்துவிடுகிறோம். இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் பிடில் வாசித்த டி.கே. ராமமூர்த்தி, 1952-ல் வெளிவந்த 'பணம்' படம் முதல் 1965-ன் 'ஆயிரத்தில் ஒருவன்' வரையில் விஸ்வநாதனோடு இணைந்தே இசையமைத்தவர். பீம்சிங் இயக்கத்தில் 1961-ம் ஆண்டு ஒன்றிலேயே வெளிவந்த 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்றும் அந்த இரட்டையரின் சொத்து. அவர் மே மாதத்தில் பிறந்தவராகையால் ஜூன் 24 அன்று அவர் பெயர் அடங்கிய குரலில்தான் சொல்லப்படுகிறது.

போதாததற்கு, தேதி என்பதே அப்படியொன்றும் அசையாத பொருளுமன்று. இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் கருணாநிதியின் பிறந்தநாளாகவும் இருப்பதால், அவரிடமுள்ள மரியாதையின் பொருட்டு, தம்முடையதை ஒரு நாள் முன்தள்ளி ஜூன் 2-ல் கொண்டாடுகிறார்.

கண்ணதாசன் 1981 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் காலமானார். அதற்குப் பின் விஸ்வநாதனுக்கு 34 முறை ஜூன் 24 வந்தது, நண்பர் இல்லாமல். கடைசியாக 2015-ல் வந்து போன மூன்று வாரங்களுக்கெல்லாம், ஜூலை 14 அன்று, அவரும் சென்னையில் மறைந்தார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிப்போய்விட, கடைக்காரர் வேறொன்று போட்டுக் கொடுத்தார். அந்நேரம் சரிவுக்குக் கீழே, மூடுபனிக்குள் மறைந்திருந்த பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடத் தொடங்கினார்கள். அவர் கை தானாகப் போய் வானொலியின் சத்தத்தைக் குறைத்தது. மோகன ராகம், 55 விநாடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்பது அரசின் விதி, குளிரில் நடுங்கும் பிள்ளைகள் அதைவிடச் சீக்கிரமாகவே முடித்துவிட்டார்கள்.

"இதுக்கு மெட்டுப் போட்டவரும் விஸ்வநாதன்தான்" என்றேன்.

"அப்ப பாட்டு கண்ணதாசனுங்களா?"

"இல்லை, மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை. அவர் போன நூற்றாண்டுக்கும் முந்தியவர்."

கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சற்று யோசித்தார். "அவரு எந்தத் தேதியில பொறந்தாருங்கய்யா?" என்றார்.

இரண்டு டீக்கும் காசை வைத்துவிட்டுச் சாரலில் இறங்கி நடந்தேன்.